பரோக் கலையும் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரோக் எந்தக் காலத்தைச் சேர்ந்தது?

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. ஐரோப்பியக் கலையிலும் இசையிலும் எழுந்த இந்தப் பாணி ரோமில் தொடங்கி இத்தாலி முழுக்கப் பரவி, ஸ்பெயின், ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி), பிரான்ஸ், ஜெர்மன் பேசும் நாடுகள், இங்கிலாந்து என்று போனது. 1750 என்று கோடு போடுவது இசைக்காரர்களின் கணக்கு. ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் இறந்த வருடம் அது. ஓவியத்திலும் கட்டடக்கலையிலும் முடிவு அவ்வளவு துல்லியமில்லை, ஊருக்கு ஊர் மாறும். அந்தக் காலத்துக் கலைஞர்கள் யாரும் தங்களைப் பரோக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை. மிகையானது, ஒழுங்கற்றது என்று பழிப்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் ஒட்டப்பட்ட பெயர் அது.

மறுமலர்ச்சிக் கலையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

இரண்டு சிலைகளின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டும் தாவீது, கோலியாத் என்ற அரக்கனைக் கவண்கல்லால் வீழ்த்திய விவிலிய இளைஞன். மைக்கலாஞ்சலோ 1504இல் முடித்த தாவீது ஃப்ளோரன்ஸில் இருக்கிறான். கவண் தோளில் கிடக்கிறது, உடம்பு நிதானமாக நிற்கிறது, பார்வை மட்டும் தூரத்தில். எட்ட நின்று அந்த அழகை வியக்கலாம்.

சிற்பி பெர்னினி 1623–24இல், இருபத்தைந்து வயதை ஒட்டி, செதுக்கிய தாவீது ரோமின் போர்கேஸே காட்சிக்கூடத்தில் இருக்கிறான். உடம்பு முறுக்கேறியிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான், கல் கவணை விட்டுப் பறக்கப்போகும் நொடி. கோலியாத்தைச் செதுக்கவே இல்லை. தாவீது குறிபார்க்கும் திசையில் நாம்தான் நிற்கிறோம். அரக்கன் நம் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறான். பார்க்கிறவர் நிற்கும் இடத்தையும் சிற்பி தன் சிலைக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

பரோக்கைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லும் மற்ற அடையாளங்கள், அதாவது நாடகத்தன்மை, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கடும் முரண், வளைந்து நெளியும் சுவர்கள், இசையில் சட்டென்று மாறும் சத்த அளவு, எல்லாமே இந்த ஒரு நோக்கத்திலிருந்து பிறந்தவை: எதிரில் இருப்பவரை அசைக்க வேண்டும். அலங்காரத்தைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். அது மேல்பூச்சுதான் என்பது என் கருத்து.

ஏன் ரோமில் தொடங்கியது?

மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவின் ஒரு பெரும்பகுதி, கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் போயிருந்தது. திருச்சபை 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டுக் கூட்டிய டிரெண்ட் பொதுச்சங்கத்தில் தன் பதிலைத் தயார் செய்தது. படங்களும் சிலைகளும் கூடாது என்று சீர்திருத்தக்காரர்களில் ஒரு பிரிவினர் ஆலயங்களில் உடைத்துக்கொண்டிருந்தபோது, 1563 டிசம்பரில் நடந்த கடைசி அமர்வு, படங்கள் தேவை, அவை மக்களுக்குக் கற்பிக்க வேண்டும், பக்தியைத் தூண்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. எழுத்தறியாதவரும் ஆலயத்துக்குள் நுழைந்த நொடியில் கதையைப் புரிந்துகொண்டு மனம் கரைய வேண்டும். புதிதாக எழுந்த இயேசு சபைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ரோமில் அவர்களுடைய சான்ட் இன்யாசியோ ஆலயத்துக்குக் குவிமாடம் கட்டவில்லை. 1685இல் அந்தச் சபையின் சகோதரர் ஆந்த்ரேயா போட்ஸோ ஒரு துணியில் குவிமாடத்தை வரைந்து கூரையில் பொருத்தினார். அதற்குப் பிறகு நடுக்கூரை முழுவதையும் வானமாகத் திறந்து வரைந்தார். எந்த இடத்தில் நின்று பார்த்தால் அந்த வானம் நிஜமாகத் தெரியும் என்று தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கரவாஜ்ஜோவின் ஓவியங்களில் அப்படி என்ன புதுமை?

தெருவில் பார்க்கும் முகங்களைப் புனிதர்களாக்கினார். ரோமில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேஸி ஆலயத்தில் 1600 வாக்கில் வைக்கப்பட்ட 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தைப் பாருங்கள். ஒரு மங்கலான அறையில் வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். உடையெல்லாம் ஓவியர் காலத்து உடை. வலது ஓரத்தில் இயேசு, பாதி இருட்டில், கையை மட்டும் நீட்டுகிறார். அவருடைய தலைக்கு மேலாக ஓர் ஒளிக்கீற்று சுவரில் சாய்ந்து விழுகிறது. இந்தப் படம் சிற்றாலயத்தின் இடதுபக்கச் சுவரில் இருக்கிறது. படத்துக்குள் வரும் ஒளி பலிபீடத்தின் பக்கமிருந்து வருவதுபோல் வரைந்திருக்கிறார். நாம் நிற்கும் கட்டடத்தின் வெளிச்சமே படத்துக்குள்ளும் விழுகிறது.

இந்த நேர்மை எல்லாருக்கும் பிடிக்கவில்லை. 'கன்னி மரியாவின் மரணம்' என்ற படத்தில் மரியா உப்பிய வயிற்றோடு, வெறுங்காலோடு, நிஜமான பிணமாகவே கிடக்கிறார். எந்த ஆலயத்துக்காக வரையப்பட்டதோ அந்த ஆலயத்தாரே அதை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம் அந்தப் படத்துக்கு என்ன ஆனது என்பது இசையோடு சம்பந்தப்பட்ட கதை, கீழே வருகிறது.

1606இல் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ரோமிலிருந்து தப்பியோடிய கரவாஜ்ஜோ, நேப்பிள்ஸ், மால்டா, சிசிலி என்று அலைந்து 1610இல், 38 வயதில் இறந்தார். அவருடைய ஒளி மட்டும் ஐரோப்பா முழுக்கப் போய்விட்டது. அதைக் கையிலெடுத்தவர்களில் நான் முதலில் சொல்ல விரும்புவது ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கியை. ஃப்ளோரன்ஸ் ஓவியக் கழகத்தில் 1616இல் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். யூதித் என்ற பெண் எதிரித் தளபதியின் தலையை அறுக்கும் காட்சியை வரைந்தபோது, கையிலிருந்து தோள்வரை அந்த வேலைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் காட்டினார். அதே காட்சியைக் கரவாஜ்ஜோவும் வரைந்திருக்கிறார். அவருடைய யூதித் தயங்கிப் பின்வாங்குகிறாள், ஆர்டெமிசியாவின் யூதித் தயங்கவில்லை.

புனித தெரசாவின் சிலை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அது வெறும் சிலையாக இல்லை, ஓர் அரங்கமாக இருக்கிறது. ரோமில் சான்டா மரியா தெல்லா விட்டோரியா ஆலயத்தின் கொர்னாரோ சிற்றாலயத்தில் பெர்னினி 1647 முதல் 1652 வரை இதைச் செய்தார். தேவதூதன் அம்பால் இதயத்தைத் துளைத்த அனுபவத்தை ஸ்பானியத் துறவியான தெரசாவே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெர்னினி அந்த வரிகளைப் பளிங்கில் காட்டினார். மேலே நம் கண்ணுக்குப் படாத ஒரு ஜன்னல் வழியே உண்மையான சூரிய ஒளி, பொன்பூசிய வெண்கலக் கதிர்களின் மேல் இறங்குகிறது. இரண்டு பக்கச் சுவர்களிலும் நாடக அரங்கின் மாடங்களில் உட்கார்ந்திருப்பதுபோல் கொர்னாரோ குடும்பத்தார் பளிங்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கட்டடம், சிற்பம், வண்ணக்கல், ஒளி நான்கையும் பிரித்தெடுக்க முடியாது. பரோக்கில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், பிரான்சின் வெர்சாய் அரண்மனையை அல்ல.

அப்படியானால் வெர்சாய் அரண்மனை?

அங்கே பக்தியின் இடத்தில் அரசன் இருக்கிறான். பதினான்காம் லூயி 1653இல் ஒரு பாலேயில் சூரியனாக வேடமிட்டு ஆடினார். 1682இல் அரசவையை வெர்சாய்க்கு மாற்றினார். 73 மீட்டர் நீளக் கண்ணாடி மண்டபம், நேர்கோடாக வெட்டிய தோட்டப் பாதைகள், ழான் பத்தீஸ்த் லுலியின் இசை எல்லாமே ஒரே மனிதரை நோக்கித் திரும்பியிருந்தன.

புராட்டஸ்டன்ட் நாடுகளில் பரோக் இருந்ததா?

இருந்தது, வேறு முகத்தோடு. டச்சு நாட்டின் கால்வினிய ஆலயங்களில் படங்களுக்கு இடமில்லை. அதனால் ஓவியர்கள் வணிகர்களின் வீட்டுச் சுவருக்கும் சந்தைக்கும் வரைந்தார்கள். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' அடிப்படையில் நகரக் காவல்படையின் குழுப்படம். அதில் இடம்பெற ஆட்கள் பணம் கொடுத்திருந்தார்கள். அவர் அவர்களை வரிசையாக நிறுத்தாமல், தலைவன் உத்தரவு கொடுக்க, படை கிளம்பும் கணத்தை வரைந்தார். பெர்னினியின் தாவீதில் இருக்கும் அதே ஆவேசம்தான்.

லூத்தரன்களின் ஜெர்மனியில் ஆலயத்தின் நடுவே இசை வந்து உட்கார்ந்தது. சபையோர் சேர்ந்து பாடும் கோரால் மெட்டுகள் எல்லாருக்கும் மனப்பாடம். பாக்கின் கான்டாட்டாக்கள் (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த பல பகுதி இசைப்படைப்புகள்) பலவும் அந்த மெட்டுகளின் மேல் கட்டப்பட்டவை. கேட்பவர்களுக்கு மெட்டு தெரியும், வார்த்தை தெரியும். இசையமைப்பாளர் அதை எப்படித் திருப்புகிறார் என்பதை அவர்களால் உடனே உணர முடிந்தது.

ஓவியத்துக்கும் இசைக்கும் ஒரே பெயர் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். சில அறிஞர்களே இதை ஏற்பதில்லை. ஆனால் 1607இல் இத்தாலியின் மான்டுவா நகரத்துக்குப் போய்ப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அங்கே ஆட்சி செய்தவர் வின்சென்ட்ஸோ கொன்ஸாகா. அவருடைய அரசவை ஓவியர், ஃப்ளாண்டர்ஸிலிருந்து வந்த இளைஞர் பீட்டர் பவுல் ரூபன்ஸ். ஆலயத்தார் திருப்பியனுப்பிய கரவாஜ்ஜோவின் 'கன்னி மரியாவின் மரணம்' ஓவியத்தை வாங்கச் சொல்லி அந்த வருடம் அரசருக்குப் பரிந்துரைத்தவர் ரூபன்ஸ்தான், அரசரும் வாங்கினார். அதே வருடம் பிப்ரவரியில், அதே அரண்மனையில், அரசவை இசைஞர் கிளாடியோ மாண்டவெர்டியின் 'ஓர்ஃபியோ' மேடையேறியது. இன்றும் தொடர்ந்து மேடையேற்றப்படும் ஓபெராக்களில், அதாவது முழுக்கப் பாடி நடிக்கும் இசை நாடகங்களில், மிகப் பழையது அது. ஒரே எசமானர், ஒரே வருடம், ஒரே தேடல்.

அந்தத் தேடல் இசைக்குள் வந்த வழியும் சுவையானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளோரன்ஸில் அறிஞர்களும் இசைஞர்களும் கூடி, பழைய கிரேக்க நாடகங்கள் எப்படி மக்களை அழவைத்தன என்று விவாதித்தார்கள். அன்றைய இசையில் நான்கைந்து குரல்கள் பின்னிப் பின்னிப் பாடும். வார்த்தை காதில் விழாது. ஒரே குரல் பேச்சைப்போலப் பாடட்டும், மற்றவை பின்னால் துணைநிற்கட்டும் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் வின்சென்ட்ஸோ கலிலெய், லூட் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தவர். வானியலாளர் கலிலியோவின் அப்பா. அந்த விவாதத்திலிருந்துதான் ஓபெரா பிறந்தது. 1637இல் வெனிஸின் சான் கசியானோ அரங்கம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் எவருக்கும் கதவைத் திறந்தது; அரசவைக் கேளிக்கை ஊராருக்கும் வந்துவிட்டது.

பாஸ்ஸோ கன்டினுவோ என்றால் என்ன?

பரோக் இசையின் முதுகெலும்பு. செல்லோ போன்ற ஒரு வாத்தியம் கீழ்ஸ்தாயியில் ஒரு வரியை விடாமல் வாசிக்கும். கூடவே ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியம்), ஆர்கன், அல்லது லூட் வாசிப்பவர் அதே வரியின் மேல் கார்டுகளை, அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, நிரப்புவார். அவருக்கு எழுதிக் கொடுக்கப்படுவது அடிவரியும் அதனருகே சில எண்களும் மட்டுமே. எந்தக் கார்டு என்று எண் சொல்லும். அதை எப்படி விரிப்பது, எத்தனை ஸ்வரம், எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் வாசிப்பவர் அந்த இடத்திலேயே தீர்மானிப்பது. மேலே பாடுகிறவருக்கும் இதே சுதந்திரம் உண்டு; ஆரியா என்ற தனிக்குரல் பாட்டின் முதல் பகுதி திரும்ப வரும்போது அவர் தன் கற்பனையில் கமகங்களையும் சங்கதிகளையும் சேர்த்தே பாடவேண்டும். அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பதுதான் மேற்கத்திய இசை என்று நினைப்பவர்கள் பரோக்கைக் கேட்கவேண்டும்.

இசையால் குறிப்பிட்ட உணர்ச்சியை உண்டாக்க முடியும் என்று உண்மையில் நம்பினார்களா?

நம்பினார்கள், அதைக் கைத்தொழிலாகவே பயின்றார்கள். தத்துவவாதி டெகார்ட் 1649இல் மனித உணர்ச்சிகளைப் பகுத்து ஒரு நூல் எழுதினார். ஜெர்மன் இசை அறிஞர்கள் எந்தத் தாளமும் எந்த ஸ்வர நடையும் எந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் என்று எழுதினார்கள். ஒரு பாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே உணர்ச்சி. தொடக்கம் முதல் முடிவுவரை அதிலேயே நிற்கும்.

இதற்கு மிக நல்ல சாட்சி ஒரு சின்ன அடிவரி. ஸ்வரம் ஸ்வரமாகக் கீழிறங்கும் நான்கு ஸ்வரத் தொடர், மறுபடி மறுபடி அதே. மாண்டவெர்டி 1638இல் வெளியிட்ட எட்டாம் மாத்ரிகல் (கவிதைகளுக்கு இசையமைத்த குரலிசை) தொகுப்பில், கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் புலம்பலுக்கு இதைக் கீழே வைத்தார். அடிவரி ஒரே இடத்தில் சுற்றுகிறது. மேலே அவள் குரல் சரியான இடத்தில் சேராமல் முந்தியும் பிந்தியும் தவிக்கிறது. விதி மாறவில்லை, மனம் ஒப்பவில்லை. அதன் பிறகு இறங்கும் அடிவரி என்றாலே புலம்பல் என்று ஐரோப்பா முழுக்க வழக்கமாயிற்று.

1680களில் லண்டனில் ஹென்றி பர்செல் தன் 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஓபெராவில் சாகப்போகும் அரசி டைடோவுக்கு எழுதிய பாட்டும் இப்படித்தான். இதில் அடிவரி அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கும், ஐந்து தாள ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அந்த ஒற்றைப்படை எண்ணிக்கையால் அவளுடைய பாட்டின் முடிவும் அடிவரியின் முடிவும் பல இடங்களில் ஒத்துப்போகாது. தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவள் கெஞ்சும் இடத்தில் குரல் மேலே ஏறுகிறது, அடிவரி தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

பாக் 1714இல் ஒரு கான்டாட்டாவுக்கு இதே வகை அடிவரியில் எழுதிய கோரஸைப் பல வருடம் கழித்து எடுத்து, 'பி மைனர் மாஸ்' என்ற திருப்பலி இசையில் இயேசு சிலுவையில் அறையப்படும் பகுதியாக மாற்றினார். அடிவரி பன்னிரண்டு முறை அதேபோல் இறங்குகிறது. பதின்மூன்றாவது முறை, உடலைக் கல்லறையில் வைக்கும் வார்த்தைகளில், பாதை மாறி மேஜர் சுருதியில் போய் நிற்கிறது. அடுத்த நொடி டிரம்பெட்டுகளோடு உயிர்ப்பு. விசுவாசம் உள்ளவரோ இல்லாதவரோ, இந்த இடத்தைக் கேட்டு அசையாதவர் குறைவு.

விவால்டி ஏன் எல்லா இடத்திலும் கேட்கிறார்?

'நான்கு பருவங்கள்' அதற்குக் காரணம். 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நான்கு கான்செர்ட்டோக்களுக்கும் (தனி வாத்தியமும் குழுவும் மாறி மாறி வாசிக்கும் படைப்புகள்) ஒவ்வொரு கவிதை உண்டு. வசந்தத்தின் மெதுவான பகுதியில் வியோலா திரும்பத் திரும்ப வாசிக்கும் இரண்டு ஸ்வரம், ஆடுமேய்ப்பவனின் நாய் குரைப்பது. விவால்டி பாதிரியார், 1703 முதல் வெனிஸில் பியெத்தா என்ற ஆதரவற்றோர் இல்லத்தில் பெண் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்தார். கம்பித் திரைக்குப் பின்னாலிருந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்க ஐரோப்பாவெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெண்கள் அவ்வளவு தேர்ந்தவர்களாக இல்லாவிட்டால் அவ்வளவு கடினமான இசையை அவர் எழுதியிருக்க முடியாது. பாக் வைமாரில் இருந்தபோது விவால்டியின் கான்செர்ட்டோக்களைக் கீபோர்டுக்கு மாற்றி எழுதிக் கற்றுக்கொண்டார்.

பாக், ஹாண்டெல் இருவரில் யார் பெரியவர்?

இருவரும் 1685இல் ஜெர்மனியில் பிறந்தவர்கள், கடைசிவரை சந்தித்துக்கொள்ளவில்லை. ஹாண்டெல் இத்தாலி போய் ஓபெரா கற்று, லண்டனில் நிலைத்து, அரங்கத்தை நம்பிப் பிழைத்தார். அவருடைய 'மெசையா' இசை 1742 ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறியது. பாக் வேலை பார்த்ததெல்லாம் ஜெர்மனிக்குள்தான். ஆனால் இருபது வயதில், புக்ஸ்டெஹூட என்ற மூத்த ஆர்கன் கலைஞரைக் கேட்க ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே போனார். கூட்டத்தை ஒரே வீச்சில் எழுப்பி நிறுத்த ஹாண்டெல்தான். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆயுள் முழுக்கக் கேட்க பாக். நான் பாக் பக்கம்.

ஏழைகள் வாடும்போது எழுந்த ஆடம்பரம்தானே இது?

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஸ்பெயினின் செல்வத்துக்குப் பின்னால் இன்றைய பொலிவியாவின் பொதோசி வெள்ளிச் சுரங்கமும் அங்கே கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட பூர்வகுடிகளும் இருக்கிறார்கள். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குகளை ஹாண்டெல் வைத்திருந்தார் என்பது ஆவணங்களில் உள்ளது. இதைச் சொல்லாமல் பரோக்கைப் புகழ்வது சரியில்லை. அந்தக் கலையின் உள்ளடக்கத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும்: கரவாஜ்ஜோவின் அழுக்கேறிய பாதங்களும், ரெம்பிராண்ட் வரைந்த பிச்சைக்காரர்களும், ஓவியர் வெலாஸ்குவெஸ் ஸ்பெயின் அரசவையின் குள்ளர்களுக்குத் தந்த கண்ணியமான முகங்களும் அதே பணத்தில்தான் உருவாயின.

எப்படி முடிந்தது?

ரசனை மாறியது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியம் 1738இலும் பாம்பே 1748இலும் தோண்டப்பட, பழைய ரோமின் எளிய கோடுகள் மேல் மோகம் வந்தது. இசையில் தெளிவான மெட்டும் இலகுவான துணையும் போதும் என்றார்கள். பாக் உயிரோடு இருக்கும்போதே, 1737இல், யோஹான் அடால்ஃப் ஷைப என்ற விமர்சகர் அவருடைய இசை சிக்கலானது, இயல்பற்றது என்று எழுதினார். 1829இல் பெர்லினில் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சன் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' இசையை மீண்டும் மேடையேற்றிய பிறகுதான் பாக் பொதுமக்களிடம் திரும்பி வந்தார்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு, இரு திசையிலும். டச்சுக் கப்பல்கள் வழியே வந்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் 1650களின் பிற்பகுதியில் வரைந்த கோட்டோவியங்களில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. ஷாஜஹானும் அவற்றில் உண்டு. பழைய கோவாவின் போம் ஜேசு ஆலயத்தில் புனித சவேரியாரின் உடல் வைத்திருக்கும் பேழையின் கீழே உள்ள பளிங்குப் பீடம், டஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ கொடுத்தனுப்பியது. ஃப்ளோரன்ஸ் சிற்பி ஃபொஜ்ஜினி செய்தது, 1698இல் அங்கே நிறுவப்பட்டது. ஐரோப்பா போகாமலே அசல் இத்தாலியப் பரோக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

இசையில், பரோக் காலத்தின் நாயகமான வாத்தியம் வயலின். இத்தாலியின் கிரமோனாவில் அமாத்தி குடும்பமும் ஸ்ட்ராடிவாரியும் அதன் வடிவத்தை முழுமையாக்கினார்கள். அது பின்னர் பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்களின் கையில் கர்நாடக இசைக்குள் வந்து நிலைத்தது. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்றை நேரடியாகவே எடுத்தாண்டிருக்கிறார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஓவியத்தில் 'மத்தேயுவின் அழைப்பு'. சிற்பத்தில் பெர்னினியின் தாவீது. பல கோணங்களில் எடுத்த படங்களைப் பாருங்கள், ஒரே கோணம் போதாது. இசையில் டைடோவின் பாட்டு, நான்கைந்து நிமிடம்தான். முதல் தடவை குரலைக் கேளுங்கள், இரண்டாம் தடவை அடிவரியை மட்டும். அப்புறம் பாக்கின் செல்லோ ஸூட்டுகளில் முதலாவது, அதற்குப் பின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களில் ஐந்தாவது. அதில் ஹார்ப்சிகார்ட் துணைவாத்தியமாகத் தொடங்கி மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டுத் தனியாக வாசிக்கும் இடத்துக்காகக் காத்திருங்கள். கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கீழ்ஸ்தாயி ஒலி பாதி காணாமல் போய்விடும். ஒரு சாதாரண ஹெட்ஃபோன் போதும்.